வெளிவேலைக்கு நடுவே ஒரு சொந்தப் பாத்திரம்: சென்னை அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றின் காமிக்ஸ் முயற்சி, 2021–2025

பின்னணி

இந்த ஆய்வில் வரும் ஸ்டுடியோ சென்னை சாலிகிராமத்தில், ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் நடக்கிறது. ஆட்கள் பதினோரு பேர். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இன்-பிட்வீன் (முக்கியப் படங்களுக்கு இடையே வரும் படங்களை வரைவது), கிளீன்-அப் (கோடுகளைச் சுத்தமாக்குவது) செய்து கொடுப்பது ஒரு பாதி வேலை. உள்ளூர் சினிமாவுக்கு ரோட்டோ (காட்சியில் உள்ள உருவத்தைப் பிரேம் பிரேமாகக் கோடிட்டுப் பிரித்தெடுப்பது) செய்வது மறுபாதி. கைத்திறனில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் பத்தாண்டு உழைப்பில் வரைந்த எந்தப் பாத்திரமும் அவர்களுடையது அல்ல. ஒப்பந்தப்படி எல்லாம் வாடிக்கையாளருக்கே போனது. தொடர் ஒளிபரப்பாகும் வரை ஒரு படத்தைக்கூட வெளியே காட்டக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது.

இது ஒரு ஸ்டுடியோவின் நிலை மட்டுமல்ல. 1947இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து மாதந்தோறும் படம் வரைய வைத்தது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் வந்து, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வாசகர்களைக் காமிக்ஸ் படிக்கப் பழக்கின. ஆனால் அந்த வாசிப்பின் பெரும்பகுதி பிரிட்டிஷ், ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்புதான். ஏற்கெனவே வரைந்து முடித்த பக்கத்துக்கு உரிமைத்தொகை கொடுப்பது, அதே பக்கத்தைப் புதிதாக வரையச் சம்பளம் கொடுப்பதைவிட எப்போதும் மலிவு. பதிப்பாளரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் உள்ளூர் ஓவியருக்குத் தொடர் வேலை கிடைக்காமல் போனதற்கு இதுவே முதல் காரணம். அனிமேஷனிலும் இதே கதைதான். நடிகரின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கும் மோஷன் கேப்சர் முறை முழுநீளப் படத்துக்கு அனிமேஷன் செய்யும் திறன் 2000ஆம் ஆண்டிலேயே சென்னையில் இருந்தது. அந்தத் திறன் இங்கே எந்தப் பாத்திரத்தையும் விட்டுச் செல்லவில்லை.

2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கென ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் பேச்சு பெரும்பாலும் பயிற்சியில்தான் தொடங்குகிறது. இந்த ஸ்டுடியோவில் பயிற்சி பற்றாக்குறையாக இல்லை. எது பற்றாக்குறையாக இருந்தது என்று அவர்கள் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

2021: ஓய்வு நேரத்தில் வரைவது என்ற முடிவு

கொரோனாவால் சினிமா வேலை நின்று போயிருந்த காலத்தில் ஒரு கதை உருவானது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாயின் 11 வயது மகள், ஊரில் காணாமல் போகும் பொருட்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். கதை வெளி எழுத்தாளர் ஒருவருடையது. ஸ்டுடியோவின் மூத்த ஓவியர் பாத்திரத்தை வரைந்தார்.

நேராக அனிமேஷனுக்குப் போகாமல் காமிக்ஸில் தொடங்கியது சரியான முடிவு. நொடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் பத்து நிமிட எபிசோடுக்கு 7,200 படம் வேண்டும். அதே கதையைக் காமிக்ஸில் 32 பக்கத்தில், சுமார் 160 கட்டத்தில் சொல்லிவிடலாம். கதை பிடிக்காமல் போனால் நட்டமும் அந்த அளவோடு நிற்கும்.

தவறு வேறிடத்தில் நடந்தது. வெளிவேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து வரைவது என்று பேசிக்கொண்டார்கள். ஐந்து மாதத்தில் முடிந்தது ஏழு பக்கம். வெளிவேலைக்குக் கடைசித் தேதி உண்டு, தாமதமானால் தொகையில் பிடித்தம் உண்டு. சொந்த வேலைக்கு இரண்டும் இல்லை. ஒவ்வொரு வாரமும் எது தள்ளிப் போகும் என்பதில் சந்தேகமே எழவில்லை. அதோடு மூன்று பேர் மாறி மாறி வரைந்ததால் சிறுமியின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறியது. அந்த ஏழில் நான்கைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது.

2022: முதல் புத்தகம்

அடுத்த ஆண்டு மூன்று ஓவியர்களை அவ்வப்போது இந்த வேலைக்கு இழுத்து, 64 பக்கப் புத்தகம் ஒன்றை முடித்தார்கள். கிரௌன் 1/4 அளவு, 130 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) ஆர்ட் பேப்பர், நான்கு வண்ணம், 1,000 படி, விலை 300 ரூபாய். சிவகாசியில் அச்சு. இலக்கு 2023 ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சி.

மூன்று இடங்களில் இடறினார்கள்.

முதலாவது, எழுத்து. கதையை எழுத்தாளர் உரைநடையாகக் கொடுத்தார். ஓவியர்கள் கட்டங்களை வரைந்து, மையிட்டு, வண்ணமும் தீட்டிய பிறகுதான் பலூனில் (பேச்சுக் குமிழில்) வசனம் வைக்க முயன்றார்கள். தமிழ்ச் சொல் நீளமானது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்துப் பழகிய கண் ஒதுக்கிய பலூனில் அது அடங்காது. எழுத்தைச் சிறிதாக்கினார்கள். அதுவும் போதாமல் பலூனைப் பெரிதாக்கினார்கள். பல பக்கங்களில் பலூன் பாத்திரத்தின் நெற்றியை மறைத்தது, சில இடங்களில் கையில் இருந்த தடயத்தையே மறைத்தது. துப்பறியும் கதையில் தடயம் மறைந்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

எழுத்துரு தந்த தொல்லை தனி. எழுத்தாளர் பழைய விசைப்பலகை எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினார். யூனிகோடுக்கு மாற்றும்போது சில துணையெழுத்துகள் இடம் மாறின. வரைகலை மென்பொருளில் ஒரு கணினியில் மட்டும் உரை அமைப்பு, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்டு-ரெடி'க்கு மாற்றப்படாமல் இருந்தது. அந்தக் கணினியில் திறந்த பக்கங்களில் எல்லாம் 'கொ' பிரிந்து, கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அச்சுக்குப் போகும் முந்தைய இரவுதான் ஒருவர் கண்ணில் பட்டது.

இரண்டாவது, கோப்பு. பக்கங்கள் ஒவ்வொன்றும் எழுத்தும் படமும் ஒன்றாக இறுக்கிய ஒரே படமாக, திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில் சிவகாசிக்குப் போயின. அச்சுக்கான சிஎம்ஒய்கே வண்ணத்துக்கு மாற்றியபோது கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கறுப்பானது. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் (அச்சுத் தகடு) ஒரு முடியளவுகூடப் பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால்தான் அது கறுப்பாகத் தெரியும். பிசகினால் எழுத்தின் மெல்லிய வளைவுகளில் சிவப்பும் நீலமும் ஓரமாகக் கசியும். முதல் தாளைப் பார்த்த இயந்திரக்காரர் தொலைபேசியில் சொன்னது இது: "அண்ணாச்சி, எழுத்துல நாலு கலரும் ஏறியிருக்கு. கறுப்புல மட்டும் வச்சு வேற ஃபைல் அனுப்புங்க, இல்லன்னா படிக்க முடியாது." 64 பக்கத்தின் எழுத்தையும் தனி அடுக்கில் திரும்ப வைக்க ஆறு நாள் போனது.

மூன்றாவது, காலம். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் குவியும். ஆண்டு முடியும் வரை காலண்டரும் டைரியும்தான் ஓடும். டிசம்பரில் ஆறு நாள் தாமதமான ஒரு சிறு புத்தகத்துக்காக யாரும் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள். வரிசை தள்ளிப் போனது. புத்தகக் காட்சி தொடங்கி ஐந்தாம் நாள்தான் கட்டுகள் சென்னை வந்து சேர்ந்தன.

2023 மார்ச்: கணக்கு

மார்ச் இறுதி வரை 410 படி விற்றது. புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியுடன் 250 படி, படிக்கு 270 ரூபாய். கடைகள் வழியாக 40 சதவீதக் கழிவில் 160 படி, படிக்கு 180 ரூபாய். மொத்த வரவு 96,300. அச்சுச் செலவு 95,000. போட்ட பணம் வந்துவிட்டது என்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் நிம்மதி.

கணக்குப் பார்க்கும் பங்குதாரர் அந்த நிம்மதியை ஏற்கவில்லை. ஒரு பக்கத்துக்குப் பென்சில் ஒரு நாள், மை ஒரு நாள், வண்ணம் ஒரு நாள், எழுத்து கால் நாள். 64 பக்கத்துக்கு 208 ஆள்நாள். மாதம் 25 வேலை நாள், சராசரிச் சம்பளம் 28,000 என்று வைத்தால் 2,33,000 ரூபாய் வருகிறது. படிக்கு 233. அச்சுக்கு 95 சேர்த்தால் அடக்கவிலை 328. கடைக்காரர் கொடுப்பது 180. ஆயிரம் படியும் விற்றிருந்தாலும் நட்டம்தான். இங்கே சொந்தப் படைப்பில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அச்சுச் செலவை மட்டுமே செலவு என்று எண்ணுகிறார்கள். வரைந்தவரின் நாட்களை எண்ணுவதில்லை. ஓரிரு புத்தகங்களோடு பலர் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

2023 ஜூன்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆளைப் பிரிப்பது முதல் முடிவு. ஓர் ஓவியர் முழு நேரம், எழுத்தும் நிறமும் பார்க்க ஒருவர் அரை நேரம். வெளிவேலையில் தீப்பிடித்தாலும் இந்த இருவரையும் தொடக் கூடாது. எழுத்தாளருக்கு மாதம் 8,000 சேர்த்துச் செலவு மாதம் 50,000. 18 மாதம், 9 லட்சம் என்று உச்சவரம்பு வைத்து, அதை வெளிவேலை லாபத்தில் தனிக் கணக்கில் ஒதுக்கினார்கள். வரம்பு தாண்டினால் நிறுத்திவிடுவது என்றும் எழுதி வைத்தார்கள். நிறுத்தும் இடம் முன்கூட்டியே தெரிந்ததால், நடுவில் ஒரு மாதம் விற்பனை சரிந்தபோது யாரும் பதறவில்லை.

அடுத்தது வடிவம். ஒரு பெரிய புத்தகத்துக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒரு 32 பக்க இதழ், 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், சென்டர் பின், 60 ரூபாய். 32 என்ற எண் சும்மா வந்ததல்ல. 20×30 அங்குலத் தாளில் இந்த அளவுக்கு 16 பக்கம் ஒரு ஃபாரம் (ஒரே தாளின் இரு புறமும் அச்சாகி மடிக்கப்படும் தொகுதி), 32 பக்கம் சரியாக இரண்டு ஃபாரம். கதை 36 பக்கம் வேண்டும் என்று எழுத்தாளர் கேட்டபோது, அந்த நான்கு பக்கத்துக்குத் தனி பிளேட், தனி ஓட்டம், தனி மடிப்பு என்று கணக்குக் காட்டினார்கள். அவர் 32க்குள் எழுதிக் கொடுத்தார்.

நிறம் நான்கிலிருந்து இரண்டானது: கறுப்பும் நீலமும். தனியாகக் கலந்த நீலம் அல்ல. அச்சகத்தில் எப்போதும் ஓடும் சியான் மைதான். மை கழுவி மாற்றும் கூலி மிச்சம். இந்தக் கதைக்கு இரு நிறம் செலவுக் குறைப்போடு நிற்கவில்லை. முதல் புத்தகத்தில் உப்பளத்தை வெள்ளையும் சாம்பலும் இளமஞ்சளுமாகத் தீட்டி, கடைசியில் அது சிமெண்ட் தரைபோல ஆகியிருந்தது. இப்போது பாத்தியின் வரப்பு ஒரு கறுப்புக் கோடு, வானமும் தேங்கிய நீரும் நீலம், உப்பு என்பது அச்சேறாத வெறும் தாள். நண்பகல் காட்சியில் முழுப் பக்கத்தில் அம்மாவும் மகளும் இரண்டு கறுப்புப் புள்ளிகளாக நின்றார்கள். சுற்றிலும் தாளின் வெண்மை மட்டும். கண் கூசியது. மரக்காணத்தில் வெயிலில் நிற்கிறவருக்கும் அப்படித்தான் கூசும். பக்கத்துக்கான நேரமும் மூன்றேகால் நாளிலிருந்து ஒன்றேமுக்கால் நாளானது.

மேப்லித்தோவுக்கென்று ஒரு கவனம் வேண்டும். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளி பரவும். திரையில் 50 சதவீதமாகத் தெரியும் நீலம் தாளில் அதைவிட அடர்ந்து விழும். சோதனைத் தாள் ஒன்று ஓட்டிப் பார்த்து 15, 30, 100 என்று மூன்றே அளவை வைத்துக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டை, அடியில் உள்ள நீலத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும் ஓவர்பிரிண்ட் ஆக வைத்ததால் பிளேட் சற்றே பிசகினாலும் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியவில்லை.

எழுத்து வைக்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றினார்கள். கதை முதலில் பக்கவாரியாக, கட்டவாரியாக வரும். அடுத்து வெற்றுக் கட்டங்களில் வசனம் உண்மையான எழுத்துருவில், உண்மையான அளவில் வைக்கப்படும். பலூன்கள் நின்ற பிறகுதான் பென்சில். ஒரு பலூனுக்கு அதிகபட்சம் 12 சொல், ஒரு பக்கத்துக்கு 70 சொல். வரி உடைக்கும்போது புள்ளி வைத்த மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது. நீண்ட வினைமுற்றுகளைப் பேச்சு வழக்குக்கு மாற்றினால் அதிலேயே கால்வாசி இடம் மிச்சமாகும். 'போயிட்டிருந்தாங்க' எவ்வளவோ குறுகலானது. அந்தச் சிறுமியின் வாய்க்கும் அதுதான் பொருத்தம்.

ஓவியரின் கையெழுத்திலேயே ஒரு யூனிகோடு எழுத்துருவும் செய்தார்கள். தமிழில் உகர, ஊகார வடிவங்களை மெய்யோடு ஒட்டுப்போட்டு ஒப்பேற்ற முடியாது. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவத்தைத் தனித்தனியே வரைய வேண்டும். டி, டீ வேறு. மூன்று வாரம் ஆனது. ஆனால் அதன்பின் இதழுக்கு எழுத்து வைக்கும் வேலை நான்கு நாளில் முடிந்தது.

கடைசி விதி: இரண்டு இதழ் முழுதாக முடிந்து கையில் இருந்தால் மட்டுமே முதல் இதழை வெளியிடுவது. முதல் இரண்டையும் காலண்டர் நெரிசல் உச்சத்துக்குப் போகும் முன், அக்டோபர் முதல் வாரத்தில் சேர்த்து அச்சிட்டார்கள். நவம்பரில் முதல் இதழ் வந்தது.

உரிமை: நான்கு மாதம் நின்ற வேலை

மூன்றாவது இதழ் வந்த நேரத்தில், பள்ளி நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அந்தச் சிறுமியின் படத்தை அட்டையில் போட அனுமதி கேட்டது. முன்பணம் ஒன்றரை லட்சம். கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு ஸ்டுடியோவிடம் பதில் இல்லை.

பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், சம்பள ஊழியர் பணியின்போது படைத்ததன் முதல் உரிமையாளர் பணியமர்த்தியவரே. அதனால் ஓவியம் ஸ்டுடியோவுடையது. எழுத்தாளர் ஊழியர் அல்ல. கதையும் அதில் உருவான பாத்திரமும் அவருடையவை. மாதம் 8,000 கொடுத்ததால் மட்டும் உரிமை கைமாறாது. 19ஆம் பிரிவு எழுத்துவழி ஒப்படைப்பைக் கட்டாயமாக்குகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே அது கொள்ளப்படும். ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாத வரை, அதுவும் காலாவதியாகும். அனிமேஷன் உரிமைக்கு இந்த ஓராண்டு மிகக் குறைவு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா வாசகர்களை நினைப்பவர்கள் 'உலகம் முழுவதும்' என்று எழுத மறந்தால் அந்த வாசல் அடைபடும்.

எழுத்தாளருக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையே கசப்பு இல்லை. ஆனாலும் பேசி, எழுதி, முத்திரைத்தாளில் கையெழுத்தாக நான்கு மாதம் பிடித்தது. அச்சு உரிமை, அனிமேஷன் உரிமை, பொருட்களில் பயன்படுத்தும் உரிமை என்று மூன்றையும் பிரித்தார்கள். பொருட்கள் வழி வரும் தொகையில் 25 சதவீதம் எழுத்தாளருக்கு. அட்டையில் அவர் பெயரும் ஓவியர் பெயரும் ஒரே அளவில் வரும். நோட்டு நிறுவனம் காத்திருந்தது. அதை அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

விற்பனையில் கண்டது

மாவட்டப் புத்தகத் திருவிழா ஒன்றில் கடை போட்டபோது ஒரு விஷயம் தெரிந்தது. பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வரிசையாக அழைத்து வரப்படுகிறார்கள். இதழை எடுத்துப் புரட்டுகிறார்கள், நின்றபடியே நான்கு பக்கம் படிக்கிறார்கள், விலையைத் திருப்பிப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். கையில் இருப்பது இருபதோ முப்பதோ ரூபாய். இந்தக் கதை யாருக்காக வரையப்பட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கே அது எட்டாமல் இருந்தது.

முதல் இதழின் தொடக்க அத்தியாயத்தை மட்டும் எடுத்து, ஒரே ஃபாரத்தில், தனி அட்டை இல்லாமல், 16 பக்கமாக 4,000 படி அச்சிட்டார்கள். படிக்கு அடக்கம் 6 ரூபாய், விலை 20. புதிதாக ஒரு கோடுகூட வரையவில்லை. மூன்று மாவட்டத் திருவிழாக்களில் 3,100 படி விற்றது. கடை வாடகை, பயணம், தங்கும் செலவு போக நின்றது சுமார் 8,000 ரூபாய். ஆனால் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, மீதிக் கதை கேட்டுப் பெற்றோரின் தொலைபேசியிலிருந்து பிள்ளைகள் அழைத்தார்கள். ஒரு பையன் காணாமல் போன பொருளை யார் எடுத்தது என்று மட்டும் சொல்லும்படி கேட்டானாம்.

2024 ஏப்ரல்–ஜூன்: அனிமேஷன்

வெளிவேலை குறைந்த நேரத்தில் இரண்டு அனிமேட்டர்கள் 90 நொடிக் குறும்படங்கள் ஐந்தைச் செய்தார்கள். கையால் வரைந்தால் ஒவ்வொன்றுக்கும் 1,080 படம் வேண்டும். அதனால் பாத்திரத்தை உறுப்புகளாகப் பிரித்து அசைக்கும் கட்-அவுட் முறை. மென்பொருள், 2016இல் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட ஓபன்டூன்ஸ். தலைக்கு மூன்று கோணம், ஆறு கை வடிவம், ஒன்பது வாய். பாத்திரத்தை இப்படிக் கட்டி முடிக்க 12 நாள், அதன்பின் படத்துக்கு 11 நாள்.

சிக்கல் பாவாடையில் வந்தது. காமிக்ஸில் காற்றில் படபடக்கும் நீளப் பாவாடைதான் அவள் அடையாளம். கட்-அவுட்டில் அது ஒரே துண்டு. அவள் நடந்தால் பலகை நகர்வதுபோல இருந்தது. கால்கள் உள்ளே மறைந்திருப்பதால் அடி எடுத்து வைப்பதும் தெரியவில்லை. கடைசியில் நடைக்கு எட்டுப் படம், ஓட்டத்துக்கு ஆறு படம் என்று பாவாடையை மட்டும் கையால் வரைந்து சுழற்சியாகச் சேமித்தார்கள். ஐந்து படங்களிலும் அதுவே திரும்பத் திரும்பப் பயன்பட்டது.

உதட்டசைவும் ஒரு பாடம். ஸ்டுடியோவில் பழக்கத்தில் இருந்தது ஆங்கிலத்துக்காக அமைத்த வாய் அட்டவணை. பல் கீழுதட்டைக் கடிக்கும் வாயைத் தமிழ் வகரத்துக்கு வைத்தால் மிகையாகத் தெரிந்தது, அதை மென்மையாக்கினார்கள். இரட்டித்து வரும் எழுத்து முக்கியம். 'அப்பா', 'அம்மா' என்னும்போது உதடு மூடியே நிற்கும் நேரம் அதிகம். ஆங்கிலப் பழக்கத்தில் இரண்டு பிரேம் மூடியபோது ஒலியும் படமும் ஒட்டவில்லை, நான்கு பிரேம் வைத்ததும் சரியானது. டப்பிங் கலைஞர் ஒருவர் சினிமாக் குழந்தைக் குரலில் முதல் படத்துக்குப் பேசியதைக் கைவிட்டு, அதே வயதுப் பள்ளி மாணவியைப் பேச வைத்தார்கள். பதிவுக்கு மூன்று மடங்கு நேரம் ஆனது. கேட்டுப் பார்த்த பிறகு அந்த நேரத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

படங்களை யூடியூபில் குழந்தைகளுக்கானவை என்று நேர்மையாகக் குறித்தே ஏற்றினார்கள். அப்படிக் குறித்தால் பார்ப்பவருக்கேற்ற விளம்பரம் வராது, பின்னூட்டமும் மூடப்படும். வருமானம் ஒரு படத்தின் ஒலிப்பதிவுச் செலவான 6,000 ரூபாயைக்கூட எட்டவில்லை. ஐந்து படத்துக்கும் ஆன செலவு சுமார் 1,05,000.

விளைவு

2024 செப்டம்பருக்குள் ஆறு இதழும் அறிவித்த மாதத்திலேயே வந்தன. இதழுக்குச் சராசரி 1,700 படி விற்பனை: நேரடியாக 900, கடைகள் வழி 800. ஆறு இதழின் மொத்தச் செலவு 8,62,000, வரவு 4,96,800. அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஆறையும் 192 பக்கத் தொகுப்பாக்கினார்கள். வரைகூலி ஏற்கெனவே கொடுத்தது, எனவே அச்சுச் செலவு மட்டும். அதில் 72,500 நின்றது. நோட்டு அட்டையில் ஸ்டுடியோவின் பங்கு 1,12,500. திருவிழாப் பதிப்பில் 8,000. எல்லாம் சேர்த்தும் காமிக்ஸ் கணக்கில் 1,72,200 ரூபாய் பள்ளம், அனிமேஷனைச் சேர்த்தால் 2,77,200.

இது லாபக் கதை அல்ல. ஆனால் 2023இல் ஒரே புத்தகத்தில் விழுந்த பள்ளமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அப்போது மிஞ்சியது கட்டுக் கட்டாகப் புத்தகம். இப்போது ஆறு இதழ், ஓர் எழுத்துரு, அசையத் தயாரான ஒரு பாத்திரம், கையெழுத்தான ஒப்பந்தம், வாடகைக்கு விடக்கூடிய ஒரு முகம். முழுநேர ஓவியருக்குப் பெங்களூரு கேமிங் நிறுவனம் ஒன்று இரட்டிப்புச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. அவர் போய்விட்டார். போவது நியாயம்தான். முகத்தின் கோண அட்டவணையும் பாவாடைச் சுழற்சியும் எழுத்துருவும் இருந்ததால் அடுத்தவர் மூன்று வாரத்தில் அவருடைய கைப்பாணியைப் பிடித்துக்கொண்டார்.

இன்று தொடங்கினால் மாற்றுவது

ஒப்பந்தம் முதல் பென்சில் கோட்டுக்கு முன்பே வேண்டும். இதைச் செய்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

முதல் இரு இதழையும் தலா 3,000 படி அச்சிட்டது தவறு. விற்பனை தெரியும் முன் இரண்டாவதையும் அதே எண்ணிக்கையில் ஓட்டியதில் 2,600 படி தேங்கியது. பிளேட்டைப் பத்திரப்படுத்தி 1,500 ஓட்டி, தேவைப்பட்டால் மறுபடி ஓட்டியிருக்கலாம். 20 ரூபாய்ப் பதிப்பை கடைசியில் அல்ல, முதல் இதழோடு சேர்த்தே கொண்டுவந்திருக்க வேண்டும்.

பாத்திரத்தை வடிவமைக்கும் நாளில் அனிமேட்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பாவாடையின் நீளம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தால் கால் அசைவு தெரிந்திருக்கும், காற்றில் படபடப்பும் இருந்திருக்கும்.

ஐந்து குறும்படத்துக்குப் பதில் இரண்டு போதும். மீதி உழைப்பில் ஏழாவது இதழ் முன்கூட்டியே முடிந்திருக்கும். வருமானம் தராவிட்டாலும் அந்த இரண்டும் வேண்டும். நோட்டு நிறுவனம் முதலில் இதழைப் பார்த்துக் கேட்டது, அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்டது அசையும் படத்தைத்தான்.

உச்சவரம்பு 18 மாதம் 2024 டிசம்பரில் முடிந்தது. ஒதுக்கிய 9 லட்சத்தில், வரவு கழித்துப் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பங்குதாரர்கள் கூடி, அதே விதிகளோடு இன்னொரு 18 மாதத்துக்கு நீட்டித்தார்கள். ஒரு திருத்தம் சேர்ந்தது: அரைநேர ஆள் இனி முழுநேரம்.